சங்கிலி காவல் காக்காது

“கட்டிப்போட்டு வளத்தாத்தான் நாய்க்கு ரோஷம் இருக்கும்.” தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரிலும் முக்காணியிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் நாய் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். பகலெல்லாம் கட்டிக் கிடந்தால் உள்ளே கோபம் ஏறுமாம். அந்தக் கோபத்தில்தான் ராத்திரி கள்ளனைக் கடிக்குமாம். அவிழ்த்துவிட்டு வளர்த்தால் ஊர் மேயப் போய்விடும், கண்டவனிடமெல்லாம் வாலாட்டும், காவலுக்கு ஆகாது என்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவர் சொல்வதைத்தான் மாடி வீட்டில் அல்சேஷன் வளர்க்கிற வாத்தியாரும் சொல்கிறார். அப்பா சொன்னார், மகன் சொல்கிறார். இது முழுக்கத் தவறு. நாய்க்குக் கேடு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்; தோட்டக்காரருக்கும் அந்தப் பாதையில் நடக்கிற பிள்ளைக்கும்கூட இது கேடு.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலை விளைகிற ஒரு கொடிக்காலில், அகத்தி வரிசை முடிகிற இடத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு நாயைக் கட்டியிருந்தார்கள். செவலை நிற நாட்டு நாய், ஒன்றரை வயது இருக்கும். சங்கிலி நாலு முழத்துக்கு மேல் இல்லை. மரத்தைச் சுற்றி அந்தச் சங்கிலி எட்டுகிற தூரம்வரை ஒரு புல் இல்லாமல் மண் தேய்ந்து கட்டாந்தரையாகிவிட்டது. அந்த வட்டத்துக்குள்ளேதான் சோற்றுத் தட்டு, அதற்குள்ளேதான் மலம். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. நாய் சுற்றும்போது சங்கிலியே சட்டியை இழுத்துக் கவிழ்த்துவிடும். அடுத்து யாராவது வந்து ஊற்றும்வரை தண்ணீர் இல்லை.

ஆள் நெருங்கியதும் அது சங்கிலியின் கடைசி வரை பாய்ந்து, கழுத்து இறுகித் தொண்டை கம்மக் குரைத்தது. தோட்டக்காரருக்குப் பெருமை. “பாத்தியளா அண்ணாச்சி, ஆளைத் தின்னுரும்” என்றார். நான் நாயைப் பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காது இரண்டும் பின்னால் மடங்கியிருந்தன. ஒவ்வொரு தடவை குரைத்ததும் ஓர் எட்டுப் பின்வாங்கியது. உடம்பின் பாரமெல்லாம் பின்னங்காலில் இருந்தது. அவர் வீரம் என்று காட்டியது வெறும் பயம்.

பயந்த நாய் முதலில் செய்ய நினைப்பது விலகிப் போவதுதான். பத்தடி தள்ளி நின்று மோப்பம் பிடிக்கும், சுற்றி வந்து பார்க்கும், ஆபத்தில்லை என்று தெரிந்தால் அடங்கிவிடும். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஓட முடியாத உயிருக்கு மிச்சம் இருப்பது பல் மட்டுமே. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பாதையில் ஒருவர் போகிறார், நாய் குரைக்கிறது, அவர் தம் வழியே போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் அவர் போனார் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையோரத்து வீட்டில் கட்டிக் கிடக்கிற நாயை எண்ணிப் பாருங்கள். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ராப்பகலாக அந்த வழியே போகிறது. கண்ணெதிரே ஆயிரம் கால்கள். ஒன்றையும் மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல், ஒவ்வொன்றையும் குரைத்தே விரட்டுவதாக அது நம்புகிறது. இந்தப் பாடத்தை நாள்தோறும் படிக்கிற நாய், சங்கிலி அறுந்த அன்று என்ன செய்யும்?

அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் 1994-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முற்றத்தில் சங்கிலியில் கட்டி வளர்க்கும் நாய் கடிப்பதற்கான வாய்ப்பு மற்றவற்றைப் போல் 2.8 மடங்கு என்று கண்டார்கள். கடிக்கிற நாயைத்தானே கட்டுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அப்படியே வைத்துக்கொண்டாலும், கட்டியும் அவை கடித்திருக்கின்றன என்பது மிச்சம் நிற்கிறது. கடிபடுவது பெரும்பாலும் கள்ளன் இல்லை. பந்தை எடுக்க அந்த வட்டத்துக்குள் கால் வைத்த பிள்ளை, சோறு வைக்கக் குனிந்த பாட்டி, உரமூட்டை இறக்க வந்தவர். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கை நீட்டியவர்களும் உண்டு. குரைக்கிற நாயும் கடிக்கும். வாலாட்டுகிற நாயும் கடிக்கும்: வால் மேலே விறைத்து, நுனி மட்டும் துடிப்பதுபோல் ஆடினால் அது நட்பின் அடையாளம் இல்லை. திறந்திருந்த வாயைச் சட்டென்று மூடி, உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும். உறுமுகிற நாயை அடித்து அடக்குவது இன்னும் மோசம். அடிக்குப் பயந்து உறுமலை விட்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

சரி, கள்ளன் கதைக்கு வருவோம். கட்டிய நாய் எதைக் காக்கும்? தன்னைச் சுற்றியுள்ள நாலு முழத்தை. வாழைத்தார் வெட்ட வருகிறவன் பகலிலேயே வந்து மரத்தையும் சங்கிலியின் நீளத்தையும் பார்த்துவிட்டுத்தான் போகிறான். தோட்டத்தின் மறுகோடியில் அவன் வேலையை முடிக்கும்வரை நாய் குரைக்கும், அவ்வளவுதான். அந்தக் குரைப்புக்கும் மதிப்பு போய்விட்டது. காக்கைக்கும் கீரிக்கும் சைக்கிளுக்கும் ஒரே மாதிரி குரைக்கிற நாயின் சத்தத்துக்கு வீட்டுக்காரர் எழுந்து வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார். காவல் நாய் என்றால் ஆள் தெரிய வேண்டும். எந்த ஆள் வழக்கமாக வருகிறவர், எந்தச் சத்தம் புதியது, எந்த வேளையில் யார் வரக்கூடாது என்பதெல்லாம் வீட்டாரோடு சேர்ந்து நடமாடினால்தான் அதற்குப் பிடிபடும்.

காவல் நாயைக் கல்லில் பொறித்த ஊர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளுக்காகப் பொருதுபட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடிருந்த கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்தக் கல்லில் பெயர் சொல்லியே பொறித்திருக்கிறார்கள். உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். மரத்தில் கட்டிக் கிடந்த நாயால் அதைச் செய்திருக்க முடியாது.

நாயின் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் அதை இந்த வெயிலில் கட்டிப்போட மாட்டார். அதற்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து மூச்சிரைப்பதுதான் வழி, அதற்குத் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் அடியில், நிழல் நகர்ந்துபோன பிறகும் நகர முடியாமல் கிடப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கிக் கழிக்கும். காலடி ஓயாத வாசலில் கட்டியது தூங்காது, தூங்காதது எரிச்சலில்தான் இருக்கும். படுக்கிற இடத்தில் மலம் கழிக்கக் கூசுகிற பிராணி அது. கட்டிய இடத்திலேயே கழிக்க வைக்கிறோம். நமக்குக் காலையில் செய்தித்தாள் எப்படியோ அப்படித்தான் நாய்க்கு வரப்போர மோப்பம்: ராத்திரி எந்த நாய் வந்தது, எந்தப் பெருச்சாளி போனது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது இல்லாமல் வைத்துவிட்டு, நாய்க்குப் புத்தி இல்லை என்கிறோம்.

குட்டிக்கு நடப்பதைச் சொல்லவே மனம் கூசுகிறது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிற பருவம். பிள்ளைகள், கிழவர்கள், குடை பிடித்தவர், பைக், ஆடு மாடு எல்லாம் பயப்பட வேண்டியவை இல்லை என்று அப்போது கற்றால்தான் உண்டு. நாமோ ஒரு மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்து, வந்த அன்றே கழுத்தில் கயிற்றைப் போடுகிறோம். குட்டி வளர்கிறது, கயிறு வளர்வதில்லை. தோலுக்குள் பதிந்து புழு வைத்த பிறகுதான் சிலர் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வருகிறார்கள். கரிசல் காட்டின் கன்னியையும் சிப்பிப்பாறையையும்கூட இப்படி வாங்கி வந்து கட்டுகிறார்கள். முயல் விரட்ட வளர்த்த ஓட்ட நாய்கள் அவை.

“கட்டிக் கிடக்கிற நாய்க்கு எதுக்கு ஊசி?” என்பது இதே நம்பிக்கையின் பிள்ளை. வெறிபிடித்த தெருநாய் உள்ளே வந்தால் முதலில் கடிபடுவது ஓட முடியாத அந்த நாய்தான். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி அடுத்தது, அப்புறம் ஆண்டுதோறும். மனிதரை எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு வயலும் வீடும் ஒன்றாயிற்று. மனிதர் மாடிக்கும் மேட்டுக்கும் ஏறினார்கள். மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆடு, மாடு, கோழிகள் செத்தன. கட்டிக் கிடந்த நாயை அவிழ்த்துவிட்டிருந்தால் அது நீந்தியாவது பார்த்திருக்கும். நடு ராத்திரியில் தண்ணீர் ஏறும்போது தோட்டத்துக்குப் போய்ச் சங்கிலியை அவிழ்க்க யாரால் முடியும்? இனியும் வெள்ளம் வரும்.

சட்டமும் இதைச் சொல்லியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி, விலங்கைக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டிப்போட்டு வளர்க்கிற நாயை நடக்கவும் ஓடவும் விடாதிருப்பதும் குற்றம் என்று நாயைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தொகையை ஏற்றாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு.

அவிழ்த்துவிட்டால் மெயின் ரோட்டில் அடிபட்டுச் சாகும், ஊராரைக் கடிக்கும் என்பார்கள். உண்மைதான், நாயைத் தெருவில் விடச் சொல்லவில்லை. வேலியை அடையுங்கள், வாயிலுக்குப் படல் போடுங்கள். வேலி இல்லாத தோட்டமென்றால் இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஓடுகிற வளையத்தில் நீளக் கயிற்றைக் கோத்து, நிழலும் தண்ணீரும் அதற்கு எட்டும்படி செய்யுங்கள். அதுவும் சில மணி நேரத்துக்கே. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போங்கள், அது மோந்து பார்க்கிற இடத்தில் இழுக்காமல் நில்லுங்கள். வேளைக்கு வயிறாரச் சோறு போடுங்கள். அரைவயிறு போட்டால்தான் முழித்திருக்கும் என்பது கள்ளன் வீசுகிற எலும்புத் துண்டுக்கு நாயை நாமே பழக்குவது. ராத்திரி வேலிக்குள் அவிழ்ந்தே கிடக்கட்டும்.

மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த நாயை முதல் நாள் அவிழ்த்தால் தறிகெட்டு ஓடும், மேலே பாயும், கூப்பிட்டால் வராது. “இதுக்குத்தான் கட்டுனேன்” என்று அன்றைக்கே மறுபடி கட்டிவிடுகிறார்கள். அந்த ஓட்டம் இத்தனை நாள் கட்டியதன் விளைவு. சில வாரத்தில் அடங்கும். அதுவரை வேலிக்குள் ஒரு நீளக் கயிறு கழுத்தில் தொங்கட்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் முள் எடுத்த அவித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுத்து, மறுபடி ஓட விடுங்கள். கூப்பிட்டு வந்த நாயை மட்டும் உடனே பிடித்துக் கட்டிவிடாதீர்கள். கூப்பிடுவதே கட்டுவதற்குத்தான் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் அடுத்த தடவை அது கிட்டவே வராது.