பெயர் ஒத்தால் வாரிசா?

ஒலி ஒத்த இரண்டு சொற்கள் கிடைத்தால் போதும், 'இதிலிருந்துதான் அது வந்தது' என்று நண்பர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பொருள் வேறானால் 'உறவே இல்லை' என்கிறார்கள். இரண்டுமே தவறு.

'கிஃப்ட்' என்றால் ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. ஆனால் இரண்டும் 'கொடு' என்னும் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்கத்தில் 'கொடுத்தல்' என்ற பொருளுடைய 'தோசிஸ்' கொடுக்கும் மருந்தின் அளவையும் குறித்தது. அதன் சாயலில் ஜெர்மன் சொல்லும் மருந்தைக் குறித்து, பிறகு நஞ்சாயிற்று. வரதட்சணையைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்ற ஜெர்மன் சொல்லில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

பிரெஞ்சு வழியில் படித்த நானும் ஏமாந்தவன்தான். 'அவுவார்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் தாய் லத்தீன் 'ஹாபேரே'. ஜெர்மனில் 'ஹாபென்'. இரண்டுக்கும் 'உடைத்தாயிரு' என்றே பொருள். ஒரே குடும்பம் என்று வெகுகாலம் நம்பினேன். இல்லை. லத்தீனில் 'க' வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும் என்பது யாக்கோப் கிரிம் 1822-ல் வகுத்துச் சொன்ன விதி. அதன்படி 'ஹாபென்' சொல்லுக்கு உறவு, 'பிடி' என்று பொருள்படும் 'காபேரே'.

பெயர் ஒத்திருக்கிறது என்று எந்த குமாஸ்தாவும் வாரிசுச் சான்றிதழ் எழுதமாட்டான், ஆவணம் கேட்பான். ஐயா, சொல்லுக்கும் அதைக் கேளுங்கள்.