செக் மொழியும் நமது பழம்பெருமையும்

செம்பரம்பாக்கத்துத் தோழர் ஒருவர் நம்மீது கோபித்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறார். பக்கத்தில் உள்ள கார் ஆலை ஒன்றில் வேலை பார்ப்பவராம். "மூன்று தமிழ்ச் சங்கங்களும் 9990 வருஷம் நடந்தன என்று முன்னோர் எழுதி வைத்திருப்பதைத் தாங்கள் புரட்டு என்கிறீர்கள். செக் தேசத்தில் பிறந்த கமில் சுவலபில் என்னும் பேராசிரியரோ தமிழுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். அன்னியனுக்குள்ள தமிழ்ப்பற்றுகூடத் தங்களுக்கு இல்லாமற்போன காரணம் என்ன?" என்று கேட்கிறார். கோபமானாலும் யோக்கியமான கேள்வியே. ஆதலால் சற்று விரிவாகவே பதில் சொல்லுகிறோம்.

செக் தேசத்தார் தங்கள் மொழியை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை முதலில் பார்ப்போம். பிராக் நகரத்தில் ஜனங்களின் மொழியிலேயே பிரசங்கம் செய்த யான் ஹுஸ் என்ற பாதிரியார், ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்தைக் கூட்டி எழுதுவானேன், ஓர் எழுத்தின்மேல் ஒரு புள்ளி போதாதா என்ற சீர்திருத்தத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுபவர். (நம் நாட்டிலோ ணை, லை எழுத்துக்களின் கொம்பை வெட்டச் சொல்லி 1935-இல் பெரியார் எழுதியது சர்க்கார் உத்தரவாக வர 1978 ஆயிற்று!) போப்பின் அதிகாரத்தையும் பாதிரிமார் கொள்ளையையும் கண்டித்த அவரை 1415-இல் உயிரோடு கொளுத்தினார்கள். பிறகு 1620-இல் அந்நாடு போரில் தோற்று ஆஸ்திரிய அரச குடும்பத்துக்கு அடிமைப்பட்டது. சர்க்கார் காரியாலயத்திலும் பெரிய மனிதர் வீட்டிலும் ஜெர்மன் மொழி ஏறி உட்கார்ந்தது. செக் மொழி குடியானவனும் வண்டிக்காரனும் பேசும் பாஷையாக நின்றுவிட்டது. டோப்ரோவ்ஸ்கி என்ற பேரறிஞர் 1809-இல் செக் மொழிக்கு இலக்கணம் எழுதியபோது அதை ஜெர்மன் மொழியில்தான் எழுதினார் என்றால் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல்தான் யுங்மன் என்பவர் 1834 முதல் 1839 வரை ஐந்து பாகங்களில் அகராதி வெளியிட்டார். அவர் ஒரு செருப்புத் தைப்பவரின் மகன் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. நாம் சொல்ல வந்தது இதுவல்ல. ஜெர்மானியனுக்குப் பழங்காவியம் இருக்கும்போது நமக்கு இல்லையே என்ற ஏக்கம் அந்த ஜனங்களுக்கு இருந்தது. அந்தச் சமயத்தில், 1817-இல், ஹன்கா என்ற ஒருவர் ஒரு மாதாகோயில் கோபுரத்தில் 13-ஆம் நூற்றாண்டுச் செக் பாட்டுகள் அடங்கிய தோல் ஏடுகளைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். மறு வருஷமே அதைவிடப் பழமையானதென்று இன்னோர் ஏடு பெயரில்லாமல் தபாலில் வந்தது. ஜனங்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். ஓவியமென்ன, நாடகமென்ன, எல்லாம் அந்த ஏடுகளின் கதைகளே! ஹன்காவின் ஆசிரியரான டோப்ரோவ்ஸ்கியோ இரண்டாவது ஏடு போலி என்று 1824-இல் பகிரங்கமாகவே எழுதினார். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள்.

60 வருஷம் கழித்து, 1886-இல், கெபவர் என்ற செக் மொழிப் பேராசிரியர் அந்த ஏடுகளின் இலக்கணம் உண்மையான பழஞ்செக் நூல்களின் இலக்கணத்தோடு ஒத்துவரவில்லை என்று காட்டி வழக்கைத் திரும்பவும் கிளப்பினார். மசாரிக் என்ற பேராசிரியர் அதைத் தமது பத்திரிகையில் தைரியமாக வெளியிட்டார். பத்திரிகைகள் இருவரையும் தேசத் துரோகி என்று தூற்றின. ஏட்டைத் திருத்தியதுபோல் தங்கள் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்ள அவர்கள் இணங்கவில்லை. 1918-இல் தேசம் விடுதலையானபோது முதல் ஜனாதிபதியாக உட்கார்ந்தவர் அந்தத் துரோகி மசாரிக்தான்!

போலி ஏடுகள் போனதால் செக் மொழி செத்துப்போயிற்றா? அத்தோழர் ஆலையில் கார்த் தகடுகளைப் பற்றவைக்கும் இரும்புக் கைக்கு ரோபோ என்று பெயர் சொல்லுகிறார்களே, அது செக் சொல்லிலிருந்து வந்தது. 'ரொபோட்டா' என்றால் பண்ணையடிமை கூலியில்லாமல் செய்யும் வெட்டி வேலை. 1920-இல் கரேல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்து அது உலகமெல்லாம் பரவிற்று.

இனிச் சுவலபிலுக்கு வருவோம். 1927-இல் பிறந்து 2009-இல் மறைந்த இவர் 1973-இல் வெளியிட்ட நூலுக்கு 'முருகனின் புன்னகை' என்று பெயர். பெயரைப் பார்த்துப் பக்தர்கள் மகிழ்ந்துகொள்ளட்டும், உள்ளே இருப்பது ஆராய்ச்சி. இறையனார் களவியல் உரை முதற்சங்கம் 4440, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850 வருஷம் நடந்ததென்று கணக்குச் சொல்லி, சிவனையும் முருகனையும் குபேரனையும் முதற்சங்கத்தில் மெம்பராக உட்கார்த்தி வைத்திருக்கிறது. அந்த வருஷக் கணக்கைச் சுவலபில் சரித்திரமாக ஏற்கவில்லை. சங்கப் பாட்டுகளுக்குச் சுமார் கி.மு. 100 முதல் கி.பி. 250 வரை காலம் சொன்னார். குறளையோ கி.பி. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைத்தார். கி.மு. 31-ஐ வைத்து வள்ளுவர் ஆண்டு எண்ணும் நமக்கு இது கசப்புத்தான். நமக்கும் கசக்கத்தான் செய்கிறது. மறுக்க வேண்டுமானால் ஆதாரம் காட்டி மறுக்கலாம். கீழடியில் மண்ணைத் தோண்டிக் கரியைச் சோதித்து, அக்குடியிருப்பு கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறதென்று 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டதே, அது யோக்கியமான வழி. அங்கே யாரும் சிவனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

அன்னியனுடைய தமிழ்ப்பற்றைப்பற்றி அத்தோழர் எழுதியதால் இன்னொன்றும் சொல்லுகிறோம். நீலகிரி இருளர் பேசுவது ஏதோ கொச்சைத் தமிழ் என்று எண்ணப்பட்டிருந்தது. சுவலபில் அவர்கள் வாய்ப்பேச்சைக் கேட்டு எழுதி, 1973 முதல் 1982 வரை மூன்று பாகங்களில் அதை ஆராய்ந்து, தமிழுக்கு நெருங்கிய தனித் திராவிட மொழி என்று காட்டினார். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களிலும் இருளர் இருக்கிறார்கள். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ரொபோட்டா செய்து மீட்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. இவர்கள் பேசுவது தமிழேதான். ஆனால் பாம்புக்கும் எலிக்கும் பச்சிலைக்கும் இவர்கள் வழங்கும் பெயர்களைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்ட பண்டிதர்கள் எத்தனை பேர்? அத்தோழர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு தம் ஊர்ப் பக்கத்து இருளர் குடியிருப்புக்குப் போய்வந்து கேட்டதை எழுதியனுப்பினால், அடுத்த வாரமே பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.