கிரனாடாவின் மூடிய கதவுகள்



வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் சில, விடுமுறை நாட்களில் ஸ்பெயினுக்குப் பயணம் செய்கின்றன. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையைக் கண்ணால் காண வேண்டும் என்பது பலருடைய நெடுநாள் ஆசை. அங்குச் செல்வோர் ஓரிரவேனும் அல்ஹம்ராவுக்கு எதிர்க்குன்றில் அமைந்த அல்பைசீன் பகுதியில் தங்குவது நல்லது என்பது என் கருத்து. நானூறு ஐந்நூறு ஆண்டுகள் பழைமையான வீடுகளைச் செப்பனிட்டு, சில அறைகளோடு நடத்தப்படும் சிறிய விடுதிகள் அங்கு உள்ளன. அல்ஹம்ரா, அரசர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. அல்பைசீன் வீடோ, ஒரு சாதாரண முஸ்லிம் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் காட்டுகிறது. நமக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவது பாடமே.

அந்த வீடுகளின் வெளிச்சுவர் வெறும் வெள்ளைச் சுவர். தெருவை நோக்கிய சாளரங்கள் சிலவே, அவையும் சிறியவை. வீட்டுக்காரர் செல்வரா ஏழையா என்பதைத் தெருவில் நிற்பவர் எளிதில் அறிய முடியாது. கதவைத் திறந்தால் நேராக முற்றம் தெரியாது. நுழைவழி ஒரு திருப்பம் திரும்பியே உள்ளே செல்லும். அதன் பின்னர்தான் நடுமுற்றமும், சிறிய நீர்த்தொட்டியும், அதைச் சூழ்ந்த அறைகளும், மேல்தளத்தின் மரத் தாழ்வாரமும் கண்ணுக்குப் புலனாகும். அழகு முழுவதும் உள்ளே இருப்பவர்களுக்கே உரியது.

இது கட்டடக் கலைஞரின் ரசனை மட்டுமன்று. பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையாதீர்கள் என்று சூரா அந்நூர் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அனுமதி கோரும் முறையே பார்வையின் பொருட்டுத்தான் ஏற்படுத்தப்பட்டது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கதவைத் தட்டிவிட்டு நிற்பவரின் பார்வையும் உள்ளே போகாதபடி வழி திரும்புகிறது என்றால், அந்த நபிமொழிக்கு இணங்க எழுந்த சுவர் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி அவ்வீடுகளுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1492 ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா ஸ்பானிய மன்னர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் 1491 நவம்பரில் எழுதப்பட்ட உடன்படிக்கை, முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாதுகாப்பு அளிப்பதாக உறுதி கூறியது. வரலாற்றாசிரியர் அல்மக்கரீ அதன் விதிகளைத் தொகுத்துத் தருகிறார். முஸ்லிம்களின் வீடுகளைச் சுவரின் மேலிருந்து எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. நாட்டையே இழந்துகொண்டிருந்த வேளையிலும் அம்மக்கள் வீட்டின் மறைவுக்கு உறுதி கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்!

அந்த உறுதி நிலைக்கவில்லை. 1499 முதல் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. அல்பைசீனின் தலைமைப் பள்ளிவாசல் தேவாலயமாக மாறியது. அதன் பழைய முற்றம் இன்றும் எஞ்சி நிற்கிறது. மதம் மாற்றப்பட்டு 'மோரிஸ்கோ' என்று அழைக்கப்பட்டவர்கள் வீட்டுக்குள் இரகசியமாகத் தொழுதுவந்தனர். ஆகவே 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை வீட்டின் மீதே கை வைத்தது. அரபு மொழி, குளியல் இல்லங்கள், பெண்களின் முகத்திரை ஆகியவற்றோடு மூடிய கதவுகளும் தடை செய்யப்பட்டன. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. ஜும்ஆ நாளில் உள்ளே எவரும் தொழுகிறாரா என்று பார்ப்பதே அதன் நோக்கம். பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்னும் மோரிஸ்கோ முதியவர் இதை எதிர்த்து விரிவான முறையீடு எழுதினார். கதவைத் திறந்து வைத்தால் திருடர்களுக்கும் தீயவர்களுக்கும்தானே வசதி என்று அவர் வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. 1568இல் கிளர்ச்சி வெடித்தது. அது ஒடுக்கப்பட்டு அம்மக்கள் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை மோரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டனர்.

அவ்வாறான வீடு ஒன்றின் முற்றத்தில் அமர்ந்து இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஒரு கேள்வி நம்மையே நோக்கித் திரும்புகிறது. அவர்களுடைய கதவுகளைத் திறக்க ஓர் அரசாணை தேவைப்பட்டது. நம்முடைய கதவுகளை யார் திறந்தார்கள்? படுக்கையறை, உணவு மேசை, வீட்டுப் பெண்களின் பெருநாள் உடை, குழந்தையின் அழுகை ஆகிய அனைத்தையும் நாமே அலைபேசி வழியாக முன்பின் அறியாதோர் பார்வைக்கு வைக்கிறோம். எந்த மன்னரும் நம்மை வற்புறுத்தவில்லை. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காத்ததை நாம் சில விருப்பக் குறிகளுக்காகக் கைவிடுகிறோம்.

இத்தகைய விடுதிக்குச் செலவு செய்வது வீண்விரயம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். கடன் வாங்கிச் செல்வதும், பிறரிடம் பெருமை பேசச் செல்வதும் வீண்விரயமே. வசதியில்லாதவர் போகாததால் எதையும் இழந்துவிடப் போவதில்லை. வசதியுள்ளவரோ, பூமியில் பயணம் செய்து உள்ளத்தால் உணருங்கள் என்னும் சூரா அல்ஹஜ்ஜின் அழைப்பை நிய்யத்தாகக் கொள்ளட்டும். "நாம் ஆண்ட பூமி" என்று மார்தட்டுவதும் பயனற்றது. அல்ஹம்ராவின் சுவர்களில் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ள வாசகமே, அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவருமில்லை என்பதுதான். அதைப் பொறித்தவர்களின் ஆட்சியும் நிலைக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு சொல். காலை உணவில் பன்றி இறைச்சி இடம்பெறுவது அங்கு வழக்கம். தனித் தட்டில் பழமும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிப்லா ஏறத்தாழக் கிழக்கு நோக்கி உள்ளது. குன்றின் உச்சியில், சான் நிக்கோலாஸ் சதுக்கத்தின் அருகே 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அங்கு மீண்டும் ஜமாஅத் தொழுகை நடைபெறுகிறது. அதில் ஒரு வக்தேனும் கலந்துகொள்ளுங்கள்.

அறைக்குத் திரும்பியதும், அந்த முற்றத்தைப் படம் எடுத்துப் பகிருமுன் சற்றே நில்லுங்கள். அது எவரோ ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த குரலில் கலிமா சொல்லிக் கொடுத்த இடமாகவும் இருந்திருக்கலாம். அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். ஊர் திரும்பியபின் உங்கள் வீட்டுக் கதவையும் ஒருமுறை பாருங்கள்.

நம் இல்லங்களை நிம்மதி தரும் இடமாக ஆக்கியவன் அல்லாஹ்வே. அந்த அருட்கொடையைப் பேணிக் காப்பவர்களாக அவன் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.