மங்கு முதல் சந்தை வரை

சிலிபினில் மளிகைக் கடை வைத்திருப்பவர் சம்பள நாளை அறிந்து சரக்கு இறக்குகிறார். தீபாவளி நெருங்கினால் எண்ணெயும் மாவும் கூடுதலாக வந்து சேருகின்றன. வாங்குவோர் நிலையறிந்து சரக்கு வரும் வழியை அமைப்பவரே கடையை நிலைநிறுத்துவார். ஒரு சிறு கடைக்காரர் அறிந்த இந்த உண்மையை நமது ரப்பர்த் தொழிலை நடத்தியவர்கள் என்றும் மறவாது இருந்தனரா?

ஒரு முறை மறவாது இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. 1942-ல் மலாயா ஜப்பானியர் வசமானதும், ரப்பருக்கு வழியற்ற அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைப் பெருக்கியது. போர் ஓய்ந்தும் அந்தப் போட்டி ஓயவில்லை. செயற்கை ரப்பர் என்றும் ஒரே தரத்தில் வந்தது. நமது புகையூட்டிய ஷீட்டையோ கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். டயர் ஆலைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? அதனால்தான் 1965-ல் எஸ்.எம்.ஆர். திட்டம் பிறந்தது. அழுக்கையும் சாம்பலையும் பரிசோதனைக் கூடத்தில் அளந்து, பிளாஸ்டிக் உறையிட்ட சிறு பேல்களாக ரப்பரை அனுப்பினர். வாங்குவோர் தேவைக்கேற்ப ஆலை மாறிற்று. இயற்கை ரப்பரும் சந்தையில் நின்றது.

அடுத்த முறை நடந்தது என்ன? 1980-களில் எய்ட்ஸ் அச்சம் பரவவே, மருத்துவக் கையுறைக்கு உலகெங்கும் கிராக்கி ஏறியது. கையுறை ஆலைகள் நம் நாட்டிலேயே எழுந்தன. ஆனால் தோட்டங்களோ செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன. இன்று நமது கையுறை ஆலைகளுக்கு வேண்டிய ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது. பால்மரத்தால் பேர்பெற்ற நாடு பாலை விலைக்கு வாங்குகிறது!

இதன் காரணத்தைப் பால் வெட்டும் தோழர் நன்கறிவார். மங்கிலேயே உறைந்த கட்டிப்பால் சில நாள் காத்திருக்கும். கையுறைக்குரிய பாலோ காத்திராது. விடியுமுன் வெட்டி, அன்றே சேகரித்து, உறையுமுன் நிறுவைக்குக் கொண்டுவந்து, அமோனியா சேர்த்து அனுப்ப வேண்டும். கிராணித் தோழர் மெட்ரோலாக் கருவியால் அளந்து கணக்கெழுத வேண்டும். ஆளும் அதிகம், அவசரமும் அதிகம். இந்தக் கூடுதல் உழைப்பிற்குக் கூடுதல் கூலி இல்லையெனில் யார் பால் எடுப்பார்?

சந்தையைப் பார்த்து ஆலையை மாற்றுவது புத்திசாலித்தனமே. ஆனால் அந்தத் திட்டம் ஆலை வாசலோடு நின்றுவிடலாகாது. சரக்கு வரும் சங்கிலியின் முதற் கண்ணி மரத்தடியில் இருக்கிறது. பால் வேண்டுமென்போர் பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் உள்ள விலை வேற்றுமையைத் தொழிலாளியின் காலைப்பொழுதுக்கு ஈடாகும்படி வைக்கட்டும். பாலின் அளவைத் தொழிலாளியின் கண்முன்னே பார்த்து எழுதட்டும். மழையால் வெட்டு நின்ற நாளின் நட்டத்தை அவர் தலையில் மட்டும் சுமத்தாதிருக்கட்டும்.

முதற் கண்ணி அறுந்தபின் மற்றக் கண்ணிகளுக்கு எண்ணெய் பூசி என்ன பயன், தோழர்களே?