வீரர் நினைவுக்கு எந்த இடம்?



நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்றால் மறுப்பார் எவருமிலர். அதை எங்கே எழுப்புவது என்று கேட்டதும்தான் கருத்து வேற்றுமை தலைதூக்குகின்றது. சுதந்திர இந்தியாவின் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25 அன்று புதுடில்லியில் திறக்கப்பட்டது. முப்படையினரோ 1960 முதலே அதனைக் கேட்டு வந்தனர். ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலக் காத்திருப்பு! தாமதத்திற்குக் காரணங்கள் பல உண்டு. இடம் பற்றிய பிணக்கு அவற்றுள் முக்கியமானது.

படையினர் விரும்பிய இடம் இந்தியா கேட் வளாகம். அந்த வளைவு யாருக்காக எழுந்தது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1921 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1931 இல் திறக்கப்பட்ட அச்சின்னம், முதல் உலகப் போரிலும் 1919 ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் ஆங்கில ஆட்சிக்காகப் போரிட்டு மாண்ட இந்தியப் படையினருக்கு உரியது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. முஸ்லிம், இந்து, சீக்கியர் என்ற பேதமின்றி அவை ஒரே கல்லில் கலந்து நிற்கின்றன. ஆனால் 1947 க்குப் பின் நம் எல்லைகளில் வீழ்ந்த ஒருவரின் பெயர்கூட அங்கே இல்லை. 1971 போருக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று அவ்வளைவின் கீழ் 'அமர் ஜவான் ஜோதி' ஏற்றப்பட்டது. ஜோதி சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்கு. அதன்மேல் நின்ற பெயர்களோ அதற்கு முந்திய தலைமுறையினருடையவை. இந்தக் குறையை நீக்கவே தனி நினைவகம் தேவைப்பட்டது.

2012 இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, நினைவகம் இந்தியா கேட் அருகிலேயே அமையும் என்றார். டில்லி முதலமைச்சராக இருந்த ஷீலா தீட்சித் அதனை எதிர்த்தார். மாலை வேளையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து காற்று வாங்கும் புல்வெளி அது. அங்கே நினைவகம் எழுந்தால் காவலும் கட்டுப்பாடும் பெருகும், பொதுமக்களின் நடமாட்டம் தடைப்படும், இடத்தின் அழகும் கெடும் என்பது அவர் வாதம்.

வாசகர்களே, இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. குளிர்சாதன வசதியும் சொந்தத் தோட்டமும் இல்லாத எளிய குடும்பங்களுக்குப் பெருநகரில் திறந்தவெளி என்பது பெரும் பாக்கியம். மாண்டவர்களைப் போற்றுவதற்காக உயிருள்ளவர்களின் இளைப்பாறும் இடத்தைப் பறிக்கலாமா என்று கேட்பது வீரர்களை அவமதிப்பதாகாது.

இத்தகைய பிணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போர் நினைவகத்திற்கென 1995 இல் தேர்ந்த இடம், லிங்கன் நினைவகத்திற்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் இடைப்பட்ட வெளி. மக்கள் கூடும் அகன்ற வெளியை அடைக்கலாகாது எனப் பலர் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். 2001 இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தடையை நீக்க வேண்டியதாயிற்று. 2004 இல் அது திறக்கப்பட்டபோது, அப்போரில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. இடத்தைப் பற்றிய வாதம் நீளும்போது, யாருக்காக வாதிடுகிறோமோ அவர்களே மறைந்துவிடுகின்றனர் என்பது இதில் நாம் பெறும் பாடம்.

டில்லியில் 2015 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியா கேட்டைச் சூழ்ந்த அறுகோணச் சாலைக்குள் நினைவகம். அருகிலுள்ள பிரின்சஸ் பார்க் என்னும் பழைய படைக்குடியிருப்புப் பகுதியில் அருங்காட்சியகம் என்று முடிவாயிற்று. உலகளாவிய வடிவமைப்புப் போட்டி நடத்தப்பட்டது. அதில் வென்றது சென்னையின் 'வீபீ டிசைன் லேப்' நிறுவனம். தலைமை வடிவமைப்பாளர் யோகேஷ் சந்திரஹாசன். நம் ஊர்க்காரர் ஒருவரின் கைவண்ணம் தலைநகரில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே.

ஷீலா தீட்சித் எழுப்பிய அச்சத்திற்கு அவ்வடிவமைப்பு தரும் விடையைக் கவனியுங்கள். சுமார் நாற்பது ஏக்கர் பரப்பில், வானளாவிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. பழைய வளைவையும் மண்டபத்தையும் மறைக்காதவாறு நினைவகத்தின் முக்கியப் பகுதி தரைமட்டத்திற்குத் தாழ அமைந்துள்ளது. நடுவில் பதினைந்தரை மீட்டர் உயரமுள்ள தூணும் அணையா விளக்கும். அதனைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சக்கரங்கள். வெளிவட்டம் முழுவதும் மரங்கள். எல்லையைக் காக்கும் வீரர்களுக்கு அவை உருவகம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

'தியாகச் சக்கரம்' என்னும் வட்டத்தின் கருங்கற் சுவர்களில் திறப்பு விழாவின்போது 25,942 பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கல். 1947-48 போரில் தொடங்கி இன்றுவரை வீழ்ந்தோர் வரிசை அது. பதவியால் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று கல்லின் அளவில் வேறுபாடு இல்லை. தன் மகனின் பெயரைத் தேடி வரும் தாய் அதனைக் கண்டுபிடித்துக் கையால் தடவிப் பார்க்க முடிகிறது. ஒரு நினைவகம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுவே என்று கருதுகிறேன்.

2022 ஜனவரி 21 அன்று, ஐம்பதாண்டுகளாக வளைவின் கீழ் எரிந்த ஜோதி, நினைவகத்தின் விளக்கோடு இணைக்கப்பட்டது. முன்னாள் படையினரில் சிலர் வருந்தினர், சிலர் வரவேற்றனர். வருந்தியவர்களின் உணர்வு மதிக்கத்தக்கது. எனினும் விளக்கும் பெயர்களும் ஓரிடத்தில் சேர்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மக்கள் வந்து போகும் இடமே ஏன் வேண்டும்? இதற்குச் சான்று அதே டில்லியில் உள்ளது. பிரிகேடியர் முகம்மது உஸ்மான், பிரிவினையின்போது இந்தியப் படையிலேயே நிலைத்து நின்றவர். நௌஷேரா போரில் புகழ் பெற்றவர். 1948 ஜூலை 3 அன்று, முப்பத்தாறு வயது நிறையுமுன், ஜங்கரில் குண்டுபட்டு மறைந்தவர். மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஜாமியா மில்லியாவை அடுத்த மையவாடியில் அவரை அடக்கினர். பிரதமர் நேருவும் வந்து நின்றார். அந்தக் கபுரு 2020 டிசம்பரில் சிதைந்த நிலையில் காணப்பட்டது; பின்னர் இராணுவம் அதனைச் செப்பனிட்டது. பிரதமரே வந்து நின்ற கபுரு அது. ஆனாலும் அது சிதைந்துபோயிற்று.

எனவே, சந்தடி வேண்டாம், ஒதுக்குப்புறமே மரியாதை என்ற எண்ணம் முழுமையாகச் சரியன்று. குழந்தைகள் ஓடி விளையாடும் புல்வெளிக்கு அருகில் வீரர்களின் பெயர்கள் இருப்பது அவர்களுக்கு இழுக்கன்று. அந்தக் குழந்தைகள் அச்சமின்றி விளையாட வேண்டும் என்பதற்காகத்தானே அவர்கள் வீழ்ந்தனர்!

இடத்தைத் தேர்வது அரசின் கடமை. அங்கே செல்வது நம் கடமை. டில்லி செல்லும் நம் குடும்பங்கள் ஜாமிஆ மஸ்ஜிதையும் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் பார்த்துத் திரும்புகின்றன. இனி ஒரு மாலைப் பொழுதை இதற்கும் ஒதுக்குங்கள். அங்கே 'பரம யோதா ஸ்தல்' என்னும் பகுதியில், பரம் வீர் சக்கரம் பெற்ற இருபத்தொரு வீரர்களின் மார்பளவு சிலைகள் உள்ளன. அவர்களுள் ஒருவர் காஜிப்பூர் மாவட்டத்துத் தையற்காரரின் மகன் அப்துல் ஹமீது. 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பகைவரின் டாங்கிகளைத் தகர்த்து, அங்கேயே உயிர் நீத்தவர். உங்கள் பிள்ளைகளை அவர் முன் நிறுத்தி, அவர் யார், என்ன செய்தார் என்று சொல்லுங்கள். பிறகு சுவரருகே அழைத்துச் சென்று, அவர்களுக்குத் தெரியாத ஒரு பெயரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

படிப்பார் இல்லையெனில், எத்துணைச் சிறந்த இடத்தில் பொறித்தாலும் அது வெறுங் கல்லே. சிந்திப்போமாக!