தப்பான கேட்டுக்கு வந்த லாரி: உங்கள் சர்வர் உள்ளே விடுகிறதா?

ஒரகடம் சிப்காட்டில் ஒரு கன்டெய்னர் லாரி தப்பான கேட்டில் வந்து நின்றால், செக்யூரிட்டி சலானை வாங்கி கம்பெனி பெயரைப் பார்ப்பார். வேறு பெயர் என்றால், "இங்க இல்ல, வண்டிய எடுங்க" என்று திருப்பி விடுவார். ஆனால், அதே கம்பெனியின் வெப் சர்வர்? யாரும் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், வந்த வண்டியை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

சலானில் இருக்கும் பெயர் மாதிரி, பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் எந்த டொமைன் வேண்டும் என்ற விவரம் இருக்கும். இதுதான் 'ஹோஸ்ட் ஹெடர்'. ஒரே ஐபி முகவரியில் பத்து வெப்சைட் ஓடுவது இதனால்தான். பெயர் எதனுடனும் பொருந்தாவிட்டால், எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி இரண்டுமே வரிசையில் முதலில் இருக்கும் சைட்டைக் காட்டிவிடும்.

யாருடைய டிராஃபிக் இது?

கிளவுடில் ஐபி முகவரி வாடகை வீடு மாதிரி. முன்பு இருந்தவர் காலி செய்துவிட்டு டிஎன்எஸ்ஸில் முகவரியை மாற்றாமல் போயிருந்தால், அவரைத் தேடி வருபவர்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள். சில நேரம் ஊரே திரண்டு வரும். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் ஐகான்ஃபேக்டரி என்ற சிறிய நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. சீனாவின் இணையத் தடுப்பு அமைப்பு, தடை செய்த சைட்களைத் தேடியவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஐபி முகவரிகளைக் கொடுக்க, அந்தக் கூட்டம் இவர்கள் சர்வரில் வந்து விழுந்தது.

'வந்தவரை நம்ம ஹோம் பேஜுக்குத் திருப்பிவிட்டால் இலவச விளம்பரம்தானே' என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. சப்ளையர்கள் பில் போடும் வெண்டார் போர்ட்டலை எடுத்துக்கொள்வோம். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்றால் வரும் லிங்க்கைச் சில மென்பொருள்கள் ஹோஸ்ட் ஹெடரில் இருக்கும் பெயரை வைத்தே தயாரிக்கின்றன. மோசடிக்காரர் தன் டொமைன் பெயரைப் போட்டு, அக்கவுன்ட்ஸ் ஊழியரின் ஐடிக்கு ரீசெட் கேட்டால் போதும். மெயில் நிஜமாகவே கம்பெனியிலிருந்துதான் போகும். ஆனால் கிளிக் செய்தால் சாவி மோசடிக்காரர் கையில். தெரியாத பெயரை வாசலிலேயே மறுத்திருந்தால் இதற்கு வழியே இல்லை.

என்ன செய்யலாம்?

எஞ்சின்எக்ஸில் தெரியாத பெயர்களுக்கென்றே ஒரு 'டிஃபால்ட் சர்வர்' பகுதி எழுதி, 444 கொடுத்தால் பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். 1.19.4 பதிப்பு முதல் எச்டிடிபிஎஸ் ஹேண்ட்ஷேக்கையே மறுக்கும் வசதியும் உண்டு. முறையாகப் பதில் சொல்லி அனுப்ப, 'இடம் மாறி வந்த கோரிக்கை' என்று பொருள்படும் 421 இருக்கிறது. வருவது பெரும்பாலும் பாட் என்பதால் 444 போதும். மரியாதை எல்லாம் மனிதர்களுக்கு!

ஒரு எச்சரிக்கை: மானிட்டரிங் டூல் வெறும் ஐபியை வைத்துச் சோதித்தால் அதுவும் வெளியே நிற்கும். அதில் டொமைன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தொல்லை என்று லாகை நிறுத்திவிடவும் கூடாது. 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவு, லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது.

அப்படியே உங்கள் டிஎன்எஸ் பட்டியலையும் திறந்து பாருங்கள். எப்போதோ காலி செய்த ஐபி இன்னும் அதில் இருந்தால், உங்கள் வாடிக்கையாளர்கள் இப்போது வேறு யார் வாசலிலோ நிற்கிறார்கள்.