ஒரு நிமிடப் பை, தலைமுறைகளுக்குக் குப்பை!

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் 2018 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டு, அதே மாதத்தில் அரசாணையும் வெளியானது. கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, தேநீர்க் கப், தம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி என்று 14 வகைப் பொருட்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. பின்னர் மத்திய அரசும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒரு பட்டியலைத் தடை செய்தது.

இத்தனைக்கும் பிறகு ஏதாவது ஒரு காய்கறிச் சந்தைக்கோ, மீன் கடைக்கோ, மண்ணடித் தெருவுக்கோ போய்ப் பாருங்கள். "பாய், ஒரு கவர் குடுங்க" என்ற குரல் ஓய்ந்திருக்கிறதா? இல்லை! சட்டம் கோட்டையில் இருக்கிறது. கவர் கடையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாக்கடை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"சமுதாயத்துக்கு எத்தனையோ பிரச்சினைகள். வக்ஃப் சொத்துக்கு ஆபத்து, இடஒதுக்கீட்டில் குறைபாடு, நீண்ட காலச் சிறைவாசிகளின் விடுதலை என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது, கவரைப் பற்றி எழுத வந்துவிட்டீர்களே?" என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிரச்சினைகளின் சாவி ஆட்சியாளர்களின் கையில் இருக்கிறது. போராடித்தான் பெற வேண்டும். இந்தப் பிரச்சினையின் சாவியில் பாதி நம் கையிலேயே இருக்கிறது. நம் வீட்டில், நம் கடையில், நம் பள்ளிவாசலில் இருக்கிறது. கையில் இருக்கும் சாவியைப் போட்டுத் திறக்காதவன், அடுத்தவனிடம் சாவி கேட்டுப் போராடினால் யார் மதிப்பார்கள்?

மார்க்கம் சொல்லாததா?

வீண் விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:27) எச்சரிக்கிறது. உண்ணவும் பருகவும் அனுமதி தரும் அதே வசனத்தில் (7:31) விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளையும் சேர்ந்தே வருகிறது. மனிதர்களின் கைகள் சம்பாதித்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்று 30:41 வசனம் கூறுகிறது.

ஈமானுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் செய்தி. மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்றும் எச்சரித்தார்கள். பாதையில் கிடப்பதை எடுத்துப் போடுவது ஈமானின் கிளை என்றால், பாதையில் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை? ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை மிம்பரில் உருக்கமாகச் சொல்கிறோம். மிச்சச் சோற்றைக் கவரில் கட்டி நாம் வீசி எறிகிறோம். பசியோடு வரும் மாடு அதைக் கவரோடு விழுங்குகிறது. வயிற்றில் கிலோ கணக்கில் பிளாஸ்டிக் சேர்ந்து அந்த வாயில்லா ஜீவன் துடித்துச் சாகிறது. அந்த ஹதீஸும் இந்தக் கவரும் ஒரே ஊரில் எப்படி இருக்க முடியும்?

நோன்புக் கஞ்சியிலிருந்து வலீமா வரை

ரமளானில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாசலைப் பாருங்கள். ஒரு காலத்தில் சிறுவர்கள் கையில் தூக்குவாளியோடு வரிசையில் நின்று கஞ்சி வாங்கிப் போனார்கள். இன்று பல ஊர்களில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கவரில் ஊற்றப்பட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கப்படுகிறது. சூடும் எண்ணெய்ப் பசையும் பட்டால் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள வேதிப்பொருட்கள் உணவில் கசிய வாய்ப்பு அதிகம். மனித இரத்தத்திலேயே பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022-ல் கண்டறிந்து வெளியிட்டார்கள். பகலெல்லாம் பசித்திருந்தவர் நோன்பு திறக்கும் உணவை இப்படியா கொடுப்பது?

இஃப்தார் நிகழ்ச்சிகளில் ஆளுக்கொரு தெர்மாகோல் கிண்ணம், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கரண்டி. மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பள்ளியின் பின்புறம் குப்பை மலை! அதை அள்ளுவதற்கு விடியற்காலையில் வருகிற துப்புரவுத் தொழிலாளியும் ஆதமுடைய மகன்தானே?

பக்ரீத் அன்று குர்பானி இறைச்சி வீடு வீடாகப் போகிறது. எதில்? கறுப்புக் கவரில். தேக்கு இலையிலும் தாமரை இலையிலும் கறி கட்டிக் கொடுத்த காலம் இருந்தது. தென்மாவட்டங்களில் பனை ஓலைப் பெட்டி இருந்தது. ஓலை முடைந்த ஏழைப் பெண்ணுக்கு அதில் நாலு காசும் கிடைத்தது. இன்று பெட்டியும் போனது, அந்தக் காசும் போனது.

வலீமா விருந்துகளைச் சொல்லவே வேண்டாம். ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டில்கள் மேசை முழுக்க நிற்கின்றன. இலையின் மேல் பிளாஸ்டிக் தாள், தாளின் மேல் பிரியாணி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனில் நாலைந்து பேர் சேர்ந்து அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. பணக்காரனும் ஏழையும் ஒரே தட்டில் கை வைக்கும் அந்த வழக்கத்தில் சகோதரத்துவமும் இருந்தது, குப்பையும் இல்லை. அதைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டு எதை நாகரிகம் என்று வாங்கி வந்தோம்?

வியாபாரச் சகோதரர்களுக்கு

கடைக்காரரின் சங்கடம் நமக்குத் தெரியாததல்ல. "வாடிக்கையாளர் கையை வீசிக்கொண்டு வருகிறார். கவர் இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். நான் என்ன செய்ய?" என்பது அவர்கள் வாதம். உண்மைதான்.

ஆனால் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கடையில் ஒரு நாளைக்கு 100 கவர், ஒன்று 50 காசு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 50 ரூபாய், மாதத்துக்கு 1,500, ஆண்டுக்கு 18,000 ரூபாய். இந்தப் பணம் வாடிக்கையாளருக்கும் நன்மை தரவில்லை, உங்களுக்கும் இலாபம் தரவில்லை. சாக்கடைக்குப் போய்ச் சேர்கிறது. இதற்கு மேல் அபராதம் வேறு. 2019-ல் அபராதம் நிர்ணயிக்கப்பட்டபோது மளிகைக் கடைக்கு முதல் முறை 1,000 ரூபாய், சிறு வியாபாரிக்கு 100 ரூபாய், பதுக்கி வைத்து விநியோகிப்பவருக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் கடை உரிமத்துக்கே ஆபத்து.

பக்கத்துக் கடைப் போட்டிக்கு ஒரே மருந்து ஒற்றுமைதான். ஒரு கடை மட்டும் நிறுத்தினால் அந்தக் கடைக்கு நஷ்டம். ஒரு தெருவே சேர்ந்து ஒரே நாளில் நிறுத்தினால் வாடிக்கையாளர் எங்கே போவார்? வீட்டுக்குப் போய்ப் பை எடுத்து வருவார்! வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை ஒன்றாக அடைக்கத் தெரிந்த நமக்கு, கவரை ஒன்றாக நிறுத்தவா தெரியாது?

இன்னொரு எச்சரிக்கை. மத்திய அரசின் விதியில் 120 மைக்ரான் கனமுள்ள பைக்கு அனுமதி உண்டு என்று சொல்லி மொத்த வியாபாரிகள் சரக்கைத் தள்ளிவிடுவார்கள். தமிழகத்துத் தடை கேரி பேக்கின் கனத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் கனமானாலும் தடைதான். துணிப்பை போலவே தோன்றும் நெய்யாத பையும் உண்மையில் பிளாஸ்டிக் இழைதான். ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சி காட்டினால் பஞ்சுபோல் எரியாமல் உருகும். "மக்கும் பை" என்று அச்சடித்திருந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

தோல் தொழிலில் நாம் படித்த பாடம் மறந்துவிடக் கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தபோது காலத்தோடு விழிக்கவில்லை. விளைவு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், சுத்திகரிப்பு இல்லாத ஆலைகளை மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. கூலிக்குப் போன ஏழைதான் முதலில் வேலை இழந்தான். தானாகத் திருந்துவதற்கும் தண்டனைக்குப் பின் திருந்துவதற்கும் விலை வேறு!

அரசுக்கும் சில கேள்விகள்

நம்மைத் திருத்திக்கொள்வதாலேயே ஆட்சியாளர்களை விட்டுவிட முடியாது. தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் மூதாட்டியிடம் நூறு ரூபாய் அபராதம் வசூலிக்க அதிகாரிகள் ஓடி வருகிறார்கள். கவர் உற்பத்தியாகும் இடத்துக்கு அதே வேகத்தில் ஏன் போவதில்லை? மாநில எல்லையைத் தாண்டி மூட்டை மூட்டையாக வருவது சோதனைச் சாவடிகளின் கண்ணில் படாதா? சிப்ஸ், ஷாம்பு, பான் மசாலா என்று பெரு நிறுவனங்கள் விற்கும் பாக்கெட்டுகளும் அதே சாக்கடையில்தான் மிதக்கின்றன. தான் விற்ற உறைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு வழிமுறை வகுத்தது. அது ஏட்டில் இருந்தால் போதுமா? ஏழைக்கு ஒரு சட்டம், முதலாளிக்கு ஒரு சலுகை என்பதை ஏற்க முடியாது.

2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது வரவேற்கத்தக்கது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. நல்லது. ஆனால் பை தைக்கும் ஏழைப் பெண்களுக்குக் கடனும், தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் உத்தரவாதமும் தந்தால்தான் மஞ்சப்பை கவரோடு விலையில் போட்டியிட முடியும்.

உலகிலேயே முதன்முதலாக மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தடை செய்த நாடு எது தெரியுமா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பங்களாதேஷ்! 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்கள் அடைத்துக்கொண்ட அனுபவத்தில் 2002-ல் தடை கொண்டுவந்தார்கள். ஆனால் கண்காணிப்பு தளர்ந்தது, மலிவான மாற்றுப் பொருள் வரவில்லை. கவர் மீண்டும் சந்தைக்குள் நுழைந்தது. 2024 அக்டோபரில் பேரங்காடிகளிலும் நவம்பரில் காய்கறிச் சந்தைகளிலும் தடையைத் திரும்ப அமல்படுத்தத் தொடங்கினார்கள். சணல் விளையும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், மக்கள் மனம் மாறாமல் சட்டம் மட்டும் வெல்லாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

என்ன செய்யலாம்?

ஒன்று: ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ரமளானுக்கு முன் கூடி, கஞ்சி பாத்திரத்தில் மட்டுமே ஊற்றப்படும் என்று தீர்மானம் போட்டு அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். பாத்திரம் இல்லாத வழிப்போக்கர்களுக்குப் பள்ளியிலேயே அமர்ந்து குடிக்க எவர்சில்வர் கிண்ணம் வைக்கட்டும்.

இரண்டு: நூறு சஹனும் இருநூறு தம்ளரும் ஜமாஅத் பெயரில் வாங்கி வையுங்கள். நிக்காஹ், வலீமாவுக்கு வாடகைக்கு விடுங்கள். ஜமாஅத்துக்கு வருமானமும் ஆகும்.

மூன்று: குர்பானி இறைச்சிக்கு ஓலைப் பெட்டியும் இலையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாங்க வருபவர்கள் பாத்திரத்தோடு வரட்டும்.

நான்கு: விதவைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் பைத்துல்மால்கள், அவர்கள் தைக்கும் பைகளை நம் கடைகளே வாங்க ஏற்பாடு செய்யட்டும். கொடுத்த இயந்திரம் சும்மா கிடந்தால் உதவி முழுமையாகாது.

ஐந்து: துணிப்பையையும் கணக்கின்றி வாங்கிக் குவிக்காதீர்கள். பருத்திக்கும் தண்ணீரும் உழைப்பும் செலவாகிறது. ஒரே பையைப் பலநூறு முறை பயன்படுத்தினால்தான் அது சிக்கனம்.

ஆறு: குப்பையைச் சேர்த்து வைத்துத் தெருவில் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை முதலில் நம் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

இளைஞர்களே! 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சாதி மதம் பாராமல் மக்களைத் தூக்கி வந்தீர்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு எல்லோருக்கும் சோறு போட்டீர்கள். நாடே பாராட்டியது. அந்த வெள்ளத்துக்குப் பெருமழையும், ஏரிகளை விழுங்கிய ஆக்கிரமிப்பும் காரணம் என்றாலும், வடிந்து ஓட வேண்டிய தண்ணீரைத் தெருத் தெருவாகத் தடுத்ததில் அடைபட்ட வடிகால்களுக்கும் பங்குண்டு. வெள்ளம் வந்தபின் காப்பாற்றுவது வீரம். அடுத்த மழைக்கு முன் உங்கள் தெருவின் வடிகாலை அடைக்கும் கவரை நிறுத்துவது அறிவு. முன்னதைச் செய்து காட்டிய உங்களால் பின்னதையும் செய்ய முடியும்.

மஞ்சப்பையோடு வருபவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் முடியட்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் தெருக் கடைக்காரர்கள் பத்துப் பேர் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து, கவரை நிறுத்தும் தேதியைக் குறியுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு தெரு மாறினால் ஊர் மாறும்!